தண்ணீர் குடிக்கும் டாக்சி

ஏகாம்பரநாதர் துணை

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
27-1-1974

சிரஞ்சீவி மயில்வாகனத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் தங்கை நீலா, மாப்பிள்ளை வேணுகோபால் மூவரும் சுகம். சேலத்தில் நீயும் கமலாட்சியும் குழந்தை காந்தாவும் சுகமாக இருக்க வேண்டும்.

கையெழுத்தைப் பார்த்து யார் எழுதியது என்று யோசித்திருப்பாய். நான்தான். முதியோர் பள்ளியில் எட்டு மாதமாகப் படிக்கிறேன். வயது அறுபத்தாறு. வகுப்பில் எனக்குத்தான் வயது அதிகம், எனக்குத்தான் சத்தமும் அதிகம். ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்கு வார்த்தை வரும். வார்த்தை வாயில் வந்த பிறகுதான் அதன் அர்த்தம் தெரியும்.

இதுவரை தபால் ஆபீஸ் வாசலில் ஒருவர் எனக்காக எழுதினார். பத்து வார்த்தை சொன்னால் ஐந்து எழுதுவார். "மீதிய உம் புள்ள புரிஞ்சிக்குவான்" என்பார். இனி அந்த மீதியையும் நானே எழுதுவேன். இந்தக் கடிதத்துக்கு நான்கு நாள் ஆகிறது. ஆகட்டும்.

பொங்கலுக்கு நீ வரவில்லை. போகட்டும், லீவு கிடைத்திருக்காது. இங்கே ஒரு கவலை. பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து மாப்பிள்ளை டாக்சியில் சவாரி குறைந்துவிட்டது. டாக்சியை விற்றுவிட்டுப் பம்பாயில் ஏதோ மில்லில் டிரைவராகப் போகலாம் என்கிறார். அவர் போனால் நீலாவும் போவாள். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் எனக்கு அவர்கள்தான்.

ஆனால் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். ஒரு பத்திரிகையில் நானே படித்தேன். இரண்டு பக்கத்தை ஐந்து நாளாகப் படித்தேன். காரில் ஒரு ஜாடித் தண்ணீர் வைத்து, பாட்டரியிலிருந்து மின்சாரம் விட்டால் தண்ணீரிலிருந்து ஒரு காற்று பிரிகிறதாம். அந்தக் காற்றை என்ஜினுக்குள் விட்டால் பெட்ரோல் குறைவாகப் போதுமாம். இது எனக்குத் தெரியாததா? ஜரிகைப் பட்டறையில் முப்பது வருஷம் வெள்ளி இழைக்குத் தங்க முலாம் பூசினேன். தொட்டியில் மின்சாரம் கூடினால் இழையில் குமிழி எழும், முலாம் கருத்துப்போகும். அந்தக் குமிழியை விரட்டுவதுதான் என் வேலையாக இருந்தது. நான் விரட்டியது இந்தக் காற்றைத்தான் என்று இப்போதுதான் தெரிகிறது.

நீயும் தொழிற்சாலையில் உப்புத் தண்ணீரில் மின்சாரம் விட்டுத்தானே காஸ்டிக் சோடா எடுக்கிறாய். எப்படிச் செய்வது என்று எழுது.

இப்படிக்கு,
தன் கையால் எழுதிய அப்பா


சேலம்
12-2-1974

அன்புள்ள அப்பாவுக்கு மயில்வாகனம் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் கடிதத்தைக் கமலாட்சி மூன்று தடவை படித்தாள். உங்கள் எழுத்து காந்தாவின் எழுத்தைப் போலவே இருக்கிறது. அவள் முதல் வகுப்பு. அவளும் வாய்விட்டுத்தான் படிக்கிறாள்.

மார்கழியில் எனக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லாமல் இருந்தது. இப்போது தேவலை. மின்தொட்டிக் கூடத்தில் நான் இப்போது இல்லை. கேட்டில் உட்கார்ந்து, வருகிறவர்கள் போகிறவர்கள் பெயரை எழுதுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள்.

நீங்கள் கேட்ட விஷயம் வேண்டாம் அப்பா. தண்ணீரைப் பிரிக்க பாட்டரி வேண்டும். பாட்டரியை நிரப்புவது என்ஜின். என்ஜின் ஓடுவது பெட்ரோலில். ஆகவே அந்தக் காற்றுக்கும் நீங்கள் பெட்ரோலைத்தான் செலவழிக்கிறீர்கள். செலவழித்ததில் பாதிகூடத் திரும்பி வராது. அதோடு அது சாதாரணக் காற்று இல்லை. கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, ஒரு பொறி போதும். இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை பம்பாய் போவதானால் நீங்கள் இங்கே வந்து இருக்கலாம் என்று எழுத நினைத்தேன். இப்போதைக்கு வீடு கொஞ்சம் வசதிப்படாது. பிறகு பார்க்கலாம்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மயில்வாகனம்


பிள்ளையார்பாளையம்
17-3-1974

சிரஞ்சீவி மயில்வாகனத்துக்கு. நாங்கள் சுகம். உனக்கு மார்கழியில் என்ன காய்ச்சல் என்று எழுதவில்லை. மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டேன்.

கேட்டில் உட்கார்ந்து எழுதுகிற வேலையா? தொட்டிப் பக்கம் போகாமல், நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடிக்கிற வேலை. எப்போது பதவி உயர்வு வந்தது, ஏன் அதை ஏதோ சாதாரணமாக எழுதுகிறாய்? தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். அப்பனும் பிள்ளையும் ஒரே வருஷத்தில் எழுத ஆரம்பித்துவிட்டோம் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நீ சொன்ன கணக்கு எனக்குப் புரிந்தது. ஆனால் என்ஜின் ஓடும்போது பாட்டரி எப்படியும் நிரம்பிக்கொண்டுதானே இருக்கிறது. அதிலிருந்து ஒரு கை அள்ளினால் என்ன குறைந்துவிடும்? செய்து பார்ப்போம் என்று செய்துவிட்டேன். பெட்டிக் கடையில் பிஸ்கட் போட்டு வைக்கிற பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று வாங்கினேன். சாயப்பட்டறையில் பட்டு நூலை வேகவைக்கிற சோடாக் காரத்தைத் தண்ணீரில் கரைத்தேன். சோடா போட்டால்தான் தண்ணீரில் மின்சாரம் நன்றாக ஓடும். நீலாவின் எவர்சில்வர் தட்டு ஒன்றை வெட்டி இரண்டு தகடு செய்தேன்.

"ஏம்பா, கண்ணாலத்துக்கு வந்த தட்டுதான் கெடச்சுதா உனக்கு? அடுத்து என் அண்டாவ வெட்டுவியா?" என்றாள்.

"அண்டா லாரிக்கும்மா. டாக்சிக்குத் தட்டு போதும்" என்றேன்.

மூடியைச் சுற்றி அரக்கு வைத்து அடைத்திருக்கிறேன். ஒரு ரப்பர் குழாய் அங்கிருந்து என்ஜினுக்குப் போகிறது. ஸ்டாண்டில் இன்னொரு டாக்சி ஓட்டுகிற கலியன் என்பவன் மாப்பிள்ளையைக் கேலி செய்கிறானாம். "ஏன்பா வேணு, வண்டி தண்ணி குடிக்குது சரி. ராத்திரிக்கு ரெண்டு இட்லி வெச்சா மெட்ராஸ் வரைக்கும் போவுமா, உங்க மாமனாரக் கேட்டு வா" என்றானாம். மாப்பிள்ளை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்துப் பல நாள் ஆயிற்று.

அப்பா


பிள்ளையார்பாளையம்
5-5-1974

சிரஞ்சீவி மயில்வாகனத்துக்கு. சுகம். உன்னிடமிருந்து ஏழு வாரமாகக் கடிதம் இல்லை. பெரிய வேலைக்குப் போனவனுக்கு நேரம் இருக்காது என்று நீலாவிடம் சொன்னேன்.

நல்ல செய்தி. போன ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு போய்வந்தோம். நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். பாதி வழியில் மாப்பிள்ளை வண்டியை நிறுத்தி பானெட்டைத் திறந்து காட்டினார். தகடுகளிலிருந்து குமிழி எழுந்துகொண்டே இருந்தது, பச்சரிசி கொதிக்கிற மாதிரி. வீட்டுக்கு வந்து அளந்தோம். லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் அதிகம் ஓடியிருக்கிறது என்றார். நான் அவரையே மறுபடி அளக்கச் சொன்னேன். மறுபடியும் அதுவே வந்தது.

மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே, "மாமா, பம்பாய்க்கு லெட்டர் போட்டுட்டேன். வரலைன்னு எழுதிட்டேன்" என்றார். ஏதோ ஊறுகாய் வேண்டாம் என்று சொல்வதைப் போலச் சொன்னார். நீலா அடுப்படியில் இருந்தவள் வெளியே வரவே இல்லை. உள்ளே அழுதுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன்.

அப்பா


சேலம்
9-6-1974

அன்புள்ள அப்பாவுக்கு. நாங்கள் நலம். ரயில் வேலைநிறுத்தத்தால் உங்கள் கடிதம் எனக்குச் சென்ற வாரம்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய கடிதத்துக்குப் பதில் எழுதாதது என் தவறு. நான்கு முறை எழுத ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன்.

அந்த ஜாடியை எடுத்துவிடுங்கள். அரக்கு வைத்து மூடியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் கூடாது. உங்கள் பட்டறைத் தொட்டி திறந்திருந்தது. காற்று கூரை வழியாகப் போய்விட்டது. மூடிய இடத்தில் சேர்ந்தால் அது வெடிமருந்து.

இங்கே ஒரு ஆள் இருந்தான். அவனை உங்களுக்குத் தெரியாது. மார்கழியில் ஒரு குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஸ்பானர் கை தவறி இரும்பில் மோதியது. அவ்வளவுதான். சத்தம்கூட அவனுக்குக் கேட்கவில்லையாம். வெள்ளையாக ஒரு வெளிச்சம் மட்டும் தெரிந்ததாம். இடது கண் போய்விட்டது. முகத்தில் ஒரு பக்கம் தோல் இல்லை. அவன் ஐந்து வருஷமாக அந்த வேலையைச் செய்தவன்.

எடுக்க மனமில்லை என்றால், மூடியைத் தளர்த்தி வையுங்கள். என்ஜின் ஓடாத நேரத்தில் ஜாடிக்கு மின்சாரம் போகவே கூடாது. பக்கத்தில் நெருப்பு கூடாது. ஆனால் எடுத்துவிடுவதுதான் நல்லது.

மயில்வாகனம்


பிள்ளையார்பாளையம்
23-6-1974

சிரஞ்சீவி மயில்வாகனத்துக்கு. சுகம். உன் கடிதத்தை நீலாவுக்கும் மாப்பிள்ளைக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். அந்த ஆளைப் பற்றிய இடத்தை நானாகவே இன்னொரு தடவை படித்தேன். பாவம். கல்யாணம் ஆனவனா? அவனுக்கு அப்பா இருக்கிறாரா? அவரிடம் சொன்னார்களா, அல்லது கிழவன் தாங்கமாட்டான் என்று மறைத்துவிட்டார்களா? மறைத்திருந்தால் தப்பு என்று சொல். பிள்ளைக்கு அப்படி ஆனால் அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சியாவது ஊட்டியிருப்பான்.

நீ தொட்டியை விட்டு நாற்காலிக்குப் போனது எத்தனை நல்லது என்று இப்போது தெரிகிறது.

நீ சொன்னபடி எல்லாம் செய்கிறோம். அரக்கைச் சுரண்டிவிட்டேன். குழாய் மாட்டும் இடத்தில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. என்ஜின் நின்றால் ஜாடியும் நிற்கும்படி மாப்பிள்ளை சாவியோடு கம்பியை இணைத்துவிட்டார். வண்டிப் பக்கத்தில் யாரும் பீடி பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கலியன் பீடியோடு வந்தால் நான் எழுந்து நிற்பேன். "தோ பாரு, டாக்சிக்கு மாமியார் வந்துட்டாரு" என்று பீடியை அணைத்துவிடுவான்.

இனி உனக்குக் கவலை வேண்டாம்.

அப்பா


டாக்சி ஸ்டாண்டு, காஞ்சிபுரம்
18-8-1974

மச்சான் மயில்வாகனத்துக்கு வேணுகோபால் எழுதியது. எல்லோரும் நலம். இதற்குப் பதில் எழுதினால் ஸ்டாண்டு விலாசத்துக்கே எழுதவும். வீட்டுக்கு எது வந்தாலும் மாமாதான் பிரிக்கிறார். சோப்புக் கம்பெனி நோட்டீசைக்கூட உரக்கப் படித்துவிட்டுத்தான் எங்களிடம் கொடுக்கிறார்.

மச்சான், ஜாடியால் பெட்ரோல் மிச்சமாகவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை. செங்கல்பட்டு போய்வந்த அன்று அளந்தபோது வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் ஓடியிருந்தது. மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துப் பையன் மார்க்கு கேட்க நிற்பானே, அந்த மாதிரி. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். மறுபடி அளக்கச் சொன்னார். மறுபடியும் அதையே சொன்னேன். அன்றிலிருந்து அவருக்குத் தெரியாமல் பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பம்பாய் வேலையை விட்டதும் அதற்காகத்தான். மாமாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? நீலாவுக்கும் இது தெரியாது.

மிச்சம் இல்லை என்பதுகூடப் பரவாயில்லை. நீங்கள் எழுதியதைக் கேட்டதிலிருந்து பானெட்டைத் திறக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. நான் சொன்னால் மாமா மனசு உடைந்துபோகும். நீங்கள் பெரிய வேலையில் இருக்கிறீர்கள். நீங்கள் நேரில் வந்து சொன்னால் கேட்பார்.

வேணுகோபால்


சேலம்
30-8-1974

மாப்பிள்ளைக்கு மயில்வாகனம் எழுதுவது. நலம். உங்கள் கடிதம் கிடைத்தது.

கம்பியை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். ஜாடி இருந்துவிட்டுப் போகட்டும். குமிழி வரவில்லை என்று கேட்டால் தகடு தேய்ந்துவிட்டது, நான் வந்து பார்ப்பேன் என்று சொல்லுங்கள். ஆயுத பூசைக்கு வருகிறேன். எல்லாவற்றையும் நானே அவரிடம் சொல்கிறேன். அவரிடம் சொல்ல எனக்கும் ஒரு விஷயம் இருக்கிறது.

மயில்வாகனம்


பிள்ளையார்பாளையம்
6-10-1974

சிரஞ்சீவி மயில்வாகனத்துக்கு. சுகம். நீ ஆயுத பூசைக்கு வருகிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். உன்னை ஒன்றரை வருஷமாக நாங்கள் பார்க்கவில்லை. நீலா இப்போதே அரிசி ஊறவைத்துவிடுவாள் போலிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர்கள், சாயப்பட்டறை ஆட்கள், ஸ்டாண்டுக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். "ஆபீசரு வராரு, வேட்டி தோச்சிப் போட்டுக்கினு வாங்க" என்று கலியன் எல்லோரையும் கேலி செய்கிறான். நீ வரும்போது பாக்கெட்டில் பேனா இருக்கட்டும்.

ஜாடியில் ஒரு மாதமாகக் குமிழி இல்லை. மாப்பிள்ளை தகடு தேய்ந்துவிட்டது என்கிறார். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. முப்பது வருஷம் தகடு பார்த்தவன் நான், இது தேயவில்லை. நீ வந்தால் இருவரும் சேர்ந்து பார்க்கலாம்.

காந்தாவை அழைத்து வா. அவளும் நானும் மாற்றி மாற்றி ஒரு கதைப் புத்தகம் படிக்கலாம் என்று வாங்கி வைத்திருக்கிறேன்.

அப்பா


சேலம்
21-10-1974

மாப்பிள்ளைக்கு மயில்வாகனம் எழுதுவது.

நான் வரவில்லை. லீவு கிடைத்தது, டிக்கெட்டும் வாங்கினேன். பஸ் நிலையம் வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். நான் எழுதிய அந்த ஒற்றைக் கண் ஆள் நான்தான். எனக்குப் பதவி உயர்வு எதுவும் இல்லை. வேறு எந்த வேலைக்கும் லாயக்கு இல்லை என்று கேட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். காந்தாவே இரண்டு மாதம் என் பக்கத்தில் வரவில்லை. அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அத்தனை பேர் நடுவில் இந்த முகத்தோடு இறங்க என்னால் முடியவில்லை. முதல் கடிதத்திலேயே நான் இதை எழுதியிருந்தால் அவர் அந்த ஜாடியைத் தொட்டிருக்கவே மாட்டார். அது எனக்குத் தெரிகிறது.

பெட்ரோல் மிச்சமாகவில்லை என்பதையும், கம்பியை நீங்கள்தான் கழற்றினீர்கள் என்பதையும் மெதுவாக அவரிடம் சொல்லிவிடுங்கள். அதுவரை அந்தக் கம்பி அவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குமிழியைப் பார்க்கும் ஆசையில் அவரே மாட்டிவிடுவார். என்ஜின் ஓடாத வண்டியில் மாட்டி ஒரு மணி நேரம் விட்டால் போதும், அதன் பிறகு எவன் அதன் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோகிறானோ அவன் முடிந்தான்.

மயில்வாகனம்


பிள்ளையார்பாளையம்
1-12-1974

மயில்வாகனத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லை. உனக்குக் கண் வலிக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று எழுது.

நீலா உனக்கு எழுதச் சொல்லி ஐந்து வாரம் ஆகிறது. எழுதிவிட்டேன் என்று அவளிடம் பொய் சொன்னேன். இப்போது எழுதுகிறேன்.

ஆயுத பூசைக்கு முந்தின இரவே வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, ஜாடிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். நீ எந்த பஸ்ஸில் வருவாய் என்று நான் இரண்டு தடவை தெருமுனைக்குப் போய்ப் பார்த்தேன். பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூசை அன்று மற்ற கருவிகள் ஓய்வாக இருக்கும், தொட்டி மட்டும் ஓடும். மின்சாரத்தை வேண்டுமென்றே கூட்டி வைப்பார் முதலாளி. கற்பூரம் காட்டும்போது தொட்டியில் குமிழி எழ வேண்டும். எழுந்தால் தெய்வம் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். வருஷம் முழுக்க நாங்கள் விரட்டுகிற குமிழிக்கு அந்த ஒரு நாள் மட்டும் மரியாதை. முப்பது வருஷமும் நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஒன்றும் ஆனதில்லை.

நீ வரும்போது ஜாடியில் குமிழி இல்லாமல் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். விடிகாலையில் யாரும் எழுவதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஜாடிக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் கம்பி கழன்று கிடந்தது. எலி இழுத்திருக்கும் என்று நினைத்தேன். சாவி மாப்பிள்ளையிடம் இருந்ததால், நேராகப் பாட்டரியிலேயே மாட்டினேன். குமிழி எழுந்தது. குழாய் ஆடாமல் இருக்க மூடிக்கு அரக்கும் வைத்தேன். நீ வந்ததும் காட்டலாம் என்று பானெட்டை மூடிவிட்டேன்.

எட்டு மணி வரை உனக்காகக் காத்திருந்தோம். பிறகு, "நேரம் ஆவுது மாமா, நான் காட்டிடறேன்" என்று மாப்பிள்ளை கற்பூரத் தட்டை வாங்கிக்கொண்டார். நான் பானெட்டைத் தூக்கினேன். அவர் குனிந்து மூன்றாவது சுற்று சுற்றும்போது நீ எழுதினாயே, அந்த வெள்ளை வெளிச்சம்.

பீடி நெருப்பு என்று எனக்குத் தெரியும். கற்பூரத்தை நான் நெருப்பு என்று நினைத்ததே இல்லை.

கண்ணாடியும் சோடாத் தண்ணீரும் அவர் முகத்தில். எனக்குக் கையில் ஒரு கீறல். சென்னையில் கண் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். இடது கண்ணில் பகலா இரவா என்பது மட்டும் தெரிகிறது. டாக்சியை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கம்பியை மாட்டியது நான் என்று யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. சாமி குற்றம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று இருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவருக்குத் தினமும் காலையில் பேப்பர் படித்துக் காட்டினேன். நான் ஒரு வரி படிப்பதற்குள் அவர் இரண்டு வாய் காபி குடித்துவிடுவார். பொறுமையாகக் கேட்பார்.

போன செவ்வாய்க்கிழமை கலியன் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தான். "ஒரு மாசமா ஸ்டாண்டுல கெடந்துக்கினு இருந்தது பெரியவரே. ஆஸ்பத்திரி, அது இதுன்னு மறந்துட்டேன்" என்றான். உன் கையெழுத்து. "மச்சான் லெட்டர் மாமா, படிங்களேன்" என்றார் மாப்பிள்ளை. சொன்ன பிறகுதான் அவருக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். "வேணாம், அப்புறம் கலியன படிக்கச் சொல்றேன்" என்றார். அதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். உன் கடிதம் என்றால் எனக்குப் பொறுக்காது.

உனக்குத்தான் தெரியுமே, எனக்கு வாய் முதலில் போகும், அர்த்தம் பின்னால் வரும். ஒற்றைக் கண் ஆள் நான்தான் என்று வாய் சொல்லிவிட்டது. மூன்று வரி தாண்டித்தான் அது நீ என்று எனக்குத் தெரிந்தது. நிறுத்தியிருக்கலாம். மாப்பிள்ளை "போதும் மாமா, நிறுத்துங்க" என்று என் கையைத் தேடினார். கை கிடைக்கவில்லை. உனக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள நான் படித்துக்கொண்டே போனேன். கம்பி என்று படித்தேன். அவரே மாட்டிவிடுவார் என்று படித்தேன். கடைசி வரி வரைக்கும் உரக்கப் படித்தேன்.



"நீலா எங்க மாமா?" என்றார்.

"இங்கதான் கீறேன்" என்றாள் அவள், கதவு ஓரத்திலிருந்து.

நான் மாட்டினேன் என்று அப்போது சொன்னேன். மாப்பிள்ளை என்ன சொன்னார் தெரியுமா? "பெட்ரோல் விஷயத்துல பொய் சொல்லிட்டேன் மாமா. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சிக்காதீங்க" என்றார். என்னிடம் அவர் மன்னிப்புக் கேட்டார்.

நீலா அன்று எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் பேப்பரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து பேப்பரை என் மடியில் வைத்தாள்.

"படி. அவரு இன்னா பண்ணுவாரு, நாள் முழுக்க சுவத்தப் பாத்துக்கினு உக்காந்திருப்பாரா? அதுவும் தெரியாது அவருக்கு. நீ படிச்சிக்கினே இரு. நீ இருக்கற வரைக்கும் படி" என்றாள்.

படிக்கிறேன். தினமும் படிக்கிறேன்.

நீ வா. பதவி உயர்வு என்று சொன்னது நான்தான், நீ இல்லை. தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் அது என் புத்தி என்று சொல்லிவிட்டு வந்தேன். எதிர்வீட்டில் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை. உன் முகம் எப்படி இருந்தாலும் பகலில் வா. காந்தாவையும் கமலாட்சியையும் அழைத்து வா.

இன்று காலைப் பேப்பரில் பெட்ரோல் பற்றி ஒரு செய்தி இருந்தது. அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போனேன். முதல் தடவையாக ஒன்றைப் படிக்காமல் தாண்டினேன். மாப்பிள்ளை காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒண்ண விட்டுட்டீங்க மாமா" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"மூச்சு நின்னுது. படிங்க" என்றார்.

படித்தேன்.

அப்பா